புள்ளி தெரிந்தது, உயரம் தெரியவில்லை



1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி மாலை 6.40 மணியளவில், டெல்லிக்கு மேற்கே ஹரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே இரண்டு பெரிய விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று டெல்லியிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் புறப்பட்ட சவூதியா நிறுவனத்தின் போயிங் 747. அதில் 312 பேர் இருந்தார்கள். மற்றொன்று கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து வந்து டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இல்யூஷின் 76. அதில் 37 பேர் இருந்தார்கள். 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது இன்றளவும் இதுவே. சவூதியா விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிப் போனவர்கள்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாலையில் டெல்லி விமான நிலையத்தின் ராடார் அறையில் இருந்த கருவியைப் பற்றியும், அதற்குப் பதிலாகப் பின்னர் வந்த கருவியைப் பற்றியும் நான் அறிந்துகொண்ட ஒரு செய்தி, என் ஊழியத்தில் பல வீடுகளின் வாசற்படியில் எனக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. அதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன். அந்நாளில் டெல்லிக்கு மேற்கே உள்ள வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் பயன்பாட்டில் இருந்தது. ஆகவே வருகிற விமானங்களும் போகிற விமானங்களும் ஒரே வழித்தடத்தைப் பயன்படுத்தின. உயரத்தினால் மட்டுமே அவை பிரிக்கப்பட்டன. மேலேறிக்கொண்டிருந்த சவூதியா விமானத்துக்கு 14,000 அடியும், இறங்கிக்கொண்டிருந்த கஜக் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டன. இடையே 1,000 அடி. பணியில் இருந்த அலுவலர் தம் கடமையைச் செய்தார். எதிரே ஒரு விமானம் வருகிறது என்று கஜக் விமானிகளை எச்சரித்தார். எத்தனை மைல் தொலைவு என்று அவர்கள் கேட்டபோது அதையும் சொன்னார். ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. விசாரணையை நடத்திய நீதிபதி ஆர்.சி. லகோட்டி இதையே விபத்தின் முதன்மைக் காரணமாகக் கண்டார். அந்த விமானத்தில் வானொலியில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். பேசியவருக்கு முன்னால் உயரமானி கிடையாது. உயரத்தை அறிய அவர் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

விமானம் இறங்குவதை ராடாரில் இருந்தவர் ஏன் காணவில்லை? அவருடைய திரைக்கு அதைக் காட்டத் தெரியாது. இதுதான் விடை. அன்று டெல்லியில் இயங்கிக்கொண்டிருந்தது முதல்நிலை ராடார். சுழலும் ஓர் அலைவாங்கி வானத்தை நோக்கி வானொலி அலைகளை அனுப்பும். அவை விமானத்தின் உலோக உடலில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். திரும்பிய திசையையும் திரும்ப எடுத்த நேரத்தையும் கொண்டு, இத்தனை மைல் தொலைவில் இந்தத் திசையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று திரையில் ஒரு புள்ளி தோன்றும். அது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அந்தப் புள்ளியில் இராது. உயரத்தை அறிய ஒரே வழி, விமானி வாயால் சொல்வதை நம்புவது. கஜக் விமானம் 15,000 அடியை அடைந்துவிட்டதாகத்தான் அறிவித்திருந்தது.

2000-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் டெல்லியில் ஒரு தமிழ்ச் சபையில் ஊழியம் செய்தேன். அந்தச் சபையில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த சகோதரர் ஒருவர் இருந்தார். ஓர் ஆகஸ்ட் 15 அன்று மாலை அவருடைய குடியிருப்பின் மொட்டைமாடியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். சுதந்திர தினத்தில் டெல்லியின் வானமெல்லாம் பட்டங்களாக இருக்கும். அவர் இரண்டு பட்டங்களைச் சுட்டிக்காட்டி, “ஐயா, அந்தச் சிவப்புப் பட்டமும் மஞ்சள் பட்டமும் சிக்கிக்கொண்டனவா, சொல்லுங்கள்” என்றார். சிக்கியது போலத்தான் எனக்குத் தெரிந்தது. சற்று நேரத்தில் ஒன்றையொன்று தொடாமலே அவை கடந்து போயின. ஒன்று மிக உயரத்தில் இருந்தது, மற்றொன்று தாழ்வாக இருந்தது. “கீழே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே இடம்தான். பழைய ராடாரில் உட்கார்ந்தவர்களின் நிலை இதுதான் ஐயா. இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து, பிறகு பிரிந்து போகும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அப்படித்தான் நடக்கும். அன்றைக்கு மட்டும் அவை பிரியவில்லை” என்றார். அதன்பின் வெகுநேரம் அவர் பேசவில்லை.

பின்னர் வந்த இரண்டாம் நிலை ராடாரைப் பற்றியும் அவரே எனக்கு விளக்கினார். அது எதிரொலிக்காகக் காத்திருப்பதில்லை, கேள்வி கேட்கிறது. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நீ யார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்ற கேள்வி போகிறது. விமானத்தில் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் என்னும் கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. நான்கு இலக்க அடையாள எண் ஒன்று, நூறு நூறு அடியாகக் கணக்கிட்ட உயரம் ஒன்று. திரையில் இப்போது வெறும் புள்ளி இல்லை. புள்ளியின் அருகே விமானத்தின் பெயர், அதன் உயரம், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எல்லாம் எழுத்தில் தெரியும். விமானி ஆபத்தில் இருந்தால் 7700 என்ற எண்ணை இடுவார். அவர் பேச இயலாத நிலையில் இருந்தாலும் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி போய்விடும். இதற்கடுத்து வந்த முறையில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனக்கே உரிய முகவரி உண்டு. கூட்டத்தைப் பொதுவாகக் கேட்காமல் அந்த ஒன்றை மட்டும் அழைத்துக் கேட்கலாம்.

டெல்லிக்கு இத்தகைய ராடாரைக் கொண்டுவரும் பணி விபத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் அந்த நவம்பர் மாலையில் அது பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகே இரண்டாம் நிலை ராடார் டெல்லியில் இயங்கத் தொடங்கியது. வருகிற விமானங்களுக்கும் போகிற விமானங்களுக்கும் தனித்தனி வழித்தடங்கள் வந்தன. விமானங்கள் தமக்குள்ளேயே ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு விலகும் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று. இன்று அந்த விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் 102 மீட்டர் உயரம். ஆண்டுக்கு 7 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே வந்து போகிறார்கள். தேவையானது எதுவென்று அறிந்து, அதற்கான வேலையையும் தொடங்கிய பிறகு, அது பயனுக்கு வருவதற்குள் 349 வீடுகளில் துக்கம் நுழைந்துவிட்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அன்பானவர்களே, இனி நம் வீடுகளுக்கு வருவோம்.

நம் சபைகளில் வளைகுடாவில் பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. என் சபையில் ஒரு விதவைத் தாயாரின் ஒரே மகன் அப்படித்தான் வேலைக்குப் போனான். அவன் புறப்பட்ட இரவு, அந்தத் தாயார் பேரனுடைய கைப்பேசியில் விமானத்தின் பாதையைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தார்கள். இன்றைய விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே அறிவித்துக்கொண்டு பறப்பதால், யார் வேண்டுமானாலும் அதைக் கைப்பேசியில் காணலாம். “ஐயா, 36,000 அடியில் போகுதுன்னு எழுதியிருந்தது. விடியற்காலையில்தான் இறங்கிச்சு. அப்புறம்தான் படுத்தேன்” என்று மறுநாள் என்னிடம் சொன்னார்கள்.

அதன்பின் வாரந்தோறும் அவன் தொலைபேசியில் பேசினான். “சாப்பிட்டியாப்பா?” என்று தாயார் கேட்பார்கள். “சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்” என்பான். கைப்பேசியில் அவன் கடைசியாக வந்துபோன நேரம் தெரியும். அவன் படம் தெரியும். அவன் எங்கே இருக்கிறான் என்பதும் தெரியும். ஏழு மாதம் இப்படியே கழிந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், முன்பு பல ஆண்டுகள் வளைகுடாவில் கொத்தனாராக வேலை செய்து திரும்பியிருந்த பெரியவர் ஒருவர் அந்தத் தாயாரிடம் கைப்பேசியை வாங்கி அவனோடு பேசினார். அவர் நலம் விசாரிக்கவில்லை. “தம்பி, பாஸ்போர்ட் உன் கையில இருக்கா, கம்பெனிக்காரன் கையில இருக்கா? போன மாசச் சம்பளம் எந்தத் தேதியில வந்தது?” என்று இரண்டே கேள்விகள் கேட்டார். மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு அந்தப் பையன் அழும் சத்தம் கேட்டது. நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை. ஓர் அறையில் ஒன்பது பேர்; கடன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள் என்று சொல்லாமலே இருந்திருக்கிறான். சாவதைப் பற்றியும் நினைத்தேன் என்று பெரியவரிடம் அன்றைக்கே சொன்னான்.

அவன் இப்போது ஊரில் இருக்கிறான். இந்தியத் தூதரகத்தில் மனு கொடுத்து அவனைத் திரும்பக் கொண்டுவர ஐந்து மாதங்கள் ஆயின. சம்பள பாக்கி வரவே இல்லை. ஆனால் பையன் வந்துவிட்டான். பெரியவர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளை நினைக்கும்போதெல்லாம் டெல்லியின் மொட்டைமாடி எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தத் தாயாரின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்த கண்கள் அவை. ஆனால் மகன் எந்த உயரத்தில் இருக்கிறான், இறங்கிக்கொண்டிருக்கிறானா என்பதை, “சாப்பிட்டியா” என்ற கேள்வியால் அறிய முடியவில்லை. அறியக்கூடிய கேள்வி எதுவென்று, அந்த வழியில் போய் வந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

வேதத்தில் மனிதனை நோக்கிக் கடவுள் கேட்கும் முதல் கேள்வி ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. தோட்டத்து மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட ஆதாமிடம், அவன் எங்கே இருக்கிறான் என்று ஆண்டவர் கேட்கிறார். எபிரெய மூலத்தில் அது ஒரே ஒரு சொல். இறையியல் கல்லூரியில் அதைப் படித்த நாளில், எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும் என்று வகுப்பில் வாதம் எழுந்தது. அவர் அறியாததால் கேட்கவில்லை. ஒளிந்திருந்தவன் தன் வாயால் பதில் சொல்லி வெளியே வரும்படி கேட்டார் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆதாமைக் கண்டது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அவனோடு பேசினார்.

ஆனால் கேள்வி கேட்பதிலும் ஒரு பேதம் இருக்கிறது. இந்த இரண்டாம் நிலை ராடாரின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று கண்டறியவே கேட்டுப் பதில் பெறும் கருவியை அந்நாளில் உருவாக்கினார்கள். சரியான பதில் வராவிட்டால் சுட்டுவிடலாம். அதே முறைதான் பின்னாளில் பயணிகளைக் காக்கும் முறையாயிற்று. கேள்வி பெரிதாக மாறவில்லை. கேட்பதன் நோக்கம் மாறியது. நம் வீடுகளில் பல கேள்விகள் இன்னும் போர்க்காலத்துக் கேள்விகளாகவே இருக்கின்றன. “எங்கே போனாய்? எவ்வளவு மார்க்? யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?” பதில் தவறானால் சுடப்படுவோம் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே அவன் தன் கருவியை அணைத்து வைத்துவிடுகிறான். பதில் சொன்னால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்புகிறவன்தான் தன் உண்மையான உயரத்தைச் சொல்லுவான். அந்தப் பெரியவரிடம் பையன் அழுதது, அவர் குரலில் குற்றம் தேடும் தொனி இல்லாததால்தான்.

இன்னொன்றையும் டெல்லிச் சகோதரர் சொன்னார். புதிய ராடார் வந்த பிறகும், விமானம் முதல் தடவை தொடர்பு கொள்ளும்போது, விமானி தம் உயரத்தை வாயாலும் சொல்ல வேண்டும். திரையில் தெரிவதும் அவர் சொல்வதும் 300 அடிக்குள் ஒத்துப்போனால்தான் அந்தக் கருவியின் எண்ணை நம்பலாம். “திரையில் தெரிகிறதே, பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் நினைப்பார்கள் ஐயா. கேட்டே ஆகவேண்டும்” என்றார். நல்ல கருவிகள் நமக்கு மிகுதியாக வாய்த்திருக்கிற காலம் இது. கைப்பேசியில் பிள்ளையின் இருப்பிடம் வரைபடத்தில் தெரிகிறது. கருவி தெரிவிப்பதோடு நின்றுவிடாமல் குரலையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2002 ஜூலை 1 நள்ளிரவுக்கு முன், ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரஷ்யாவிலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். அந்த வான்பகுதியைக் கண்காணித்தது சூரிச்சில் இருந்த கட்டுப்பாட்டு மையம். அங்கே அன்றிரவு ராடார் அமைப்பில் பராமரிப்புப் பணி நடந்தது. மோதலை முன்கூட்டிக் காட்டும் எச்சரிக்கை திரையில் வரவில்லை. தொலைபேசி இணைப்பும் சரியாக இல்லை. உடன் பணியாற்றியவர் ஓய்வுக்குப் போயிருக்க, ஒரே அலுவலர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள், பிள்ளைகளை இழந்த ஒரு தகப்பன் அந்த அலுவலரைத் தேடிப்போய்க் கொன்றுபோட்டார். ஒரு மனிதன் தனியாகச் சுமக்கக் கூடாத சுமையை அவர்மேல் வைத்த அமைப்பு எங்கோ இருந்தது. அடி அவர்மேல் விழுந்தது.

நம் குடும்பங்களிலும் இதைக் காண்கிறேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரையும், தேர்வுக்குப் படிக்கும் மகளையும், குடிக்கு அடிமைப்பட்ட கணவனையும் ஒரே பெண் கவனித்துக்கொண்டிருப்பாள். அவள் கவனிக்கிறாள் என்று மற்றவர்கள் நிம்மதியாக உறங்கப் போய்விடுகிறார்கள். ஏதேனும் ஒன்று தவறினால் எல்லாரும் அவளையே குற்றம் சாட்டுவார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் காவற்காரனின் பொறுப்பைக் கண்டிப்பாகப் பேசுகிறது. அந்தப் பகுதியை அவளுக்கு எதிராக வாசிக்கிறவர்கள், அவளோடு இரண்டாவது திரையில் உட்கார ஆயத்தமாயிருக்க வேண்டும்.

ராடாரை மாற்றும்போது விமான நிலையத்தை ஒரு நாளும் மூடிவைப்பதில்லை. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே இயங்கும். சோதனை விமானம் பறந்து ஒவ்வொரு திசையிலும் புதியதன் அளவு சரியா என்று பார்க்கும். நம்பிக்கை வந்த பிறகே பழையது ஓய்வு பெறும். வீட்டில் பேச்சின் முறையை மாற்றுவதும் ஒரே நாளில் நடக்காது. “சாப்பிட்டியா” என்பதை விட்டுவிட வேண்டாம். அது நம் மண்ணில் அன்பின் பழைய சொல். அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பதில் வராமல் போகலாம். சலிக்காமல் கேளுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு காரியம் செய்வோம். நீங்கள் அன்றாடம் காண்கிற, ஆனால் அவருடைய நிலை உங்களுக்குத் தெரியாத ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனாக இருக்கலாம். ஒரே வரிசையில் அமர்ந்து ஆராதிக்கும் சகோதரியாக இருக்கலாம். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தகப்பனாராக இருக்கலாம். “நல்லா இருக்கேன்” என்று பதில் சொல்லித் தப்பிவிட முடியாத ஒரு கேள்வியை, அன்பாக, அவரிடம் கேளுங்கள். இரவில் தூக்கம் வருகிறதா? கடன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மருத்துவர் கடைசியாக என்ன சொன்னார்? கேட்ட பிறகு, பதில் வரும்வரை அவரோடு இருங்கள். உங்களிடம் யாரேனும் அப்படிக் கேட்டால், நீங்களும் உண்மையான உயரத்தைச் சொல்லுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் இருப்பையும் இறக்கத்தையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, தூரத்தில் பிழைக்கப் போயிருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். இந்த இரவிலும் திரைகளின் முன் விழித்திருக்கிற அலுவலர்களின் கண்களுக்குத் தெளிவு தாரும். கேட்க எங்களுக்கு அன்பையும், பதில் சொல்ல எங்களுக்குத் துணிவையும் தாரும். ஆமென்.